கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு

இந்த முறை வேட்பாளர் பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. தொலைக்காட்சியின் அடியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தொகுதி வந்தது, யாரோ ஓர் இளைஞர் பெயர் வந்தது, உடனே பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது. நான்கு தடவை சட்டமன்றத்துக்குப் போனவர், நடுவில் ஒரு தடவை தோற்று வீட்டிலிருந்தவர், மூன்று வினாடியில் முன்னாள் ஆகிவிட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி கரையான்சாவடியில் இறங்கினேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருடைய அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். எதிரே மெட்ரோ தூண். அதன் நிழல் ரோட்டைத் தாண்டி கடைக்குள் வரைக்கும் விழுந்து கிடந்தது. அந்த நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கேதான் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து கடிதம் எழுதினேன், அவருடைய கடிதங்களை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஊர் நினைத்தது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, என் பக்கம் திரும்பி, "தம்பி, நல்லா ஒண்ணு போட்டுக் குடு" என்பார். போட்டுக் கொடுப்பேன். சட்டைப்பையில் இருக்கும் கறுப்பு மைப்பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடுவார்.

அவருக்குச் சொந்த ஊர் நூம்பல். அப்பா காலத்துக் கழனி இரண்டு துண்டு, பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை, தொழிற்சங்கம், வார்டு, அங்கிருந்து கோட்டை. ஆனால் கடைசி வரைக்கும் ஒரு போல்ட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. திருமண மண்டபத்தில் ஆடும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முடுக்கிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ.வை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையும் பெண்ணும் காலில் விழக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் வாக்காளர் பட்டியலில் அது எத்தனையாவது பாகம் என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் அவரைத் திணறடித்தார்கள். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், சாக்கடைக்கு மனு எழுதி, அச்சடித்து, உறையில் போட்டுக் கொண்டுவருவார்கள். தெரு கேட்டால் கட்டடத்தின் இங்கிலீஷ் பெயரைச் சொல்வார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்.

"அது சரி சார். அதுக்கு முன்னாடி அங்க இன்னா இருந்துச்சு?"

"தெரியலையே சார்."

"டேங்க் பக்கத்துல வளைஞ்சு போற ரோடா?"

"ஆமா சார்."

"கத்திரிக்கா தோட்டம்!" என்று முகம் மலர்வார். "எழுவத்தி மூணாம் பாகம். இன்னா, தண்ணி ஊட்டுக்குள்ள வருதா?"

நோன்பு மாதத்தில் பூந்தமல்லிப் பக்கம் கஞ்சி குடிக்கப் போவார். அங்கே அத்தர் கடை பாய் ஒருவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தேய்க்காமல் விடமாட்டார். அந்த மாதம் கையெழுத்தான கடிதங்கள் எல்லாம் மல்லிகை மணத்தோடு கோட்டைக்குப் போயின. அவற்றை எழுதியவன் நான். மணத்தில் பாதி என்னுடையது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டமன்றத்தில் பேச ஒரு முறை நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளத்தைப் பற்றி. ஏரியின் ஞாபகம், மண்ணின் தாகம் என்றெல்லாம் போட்டிருந்தேன். மனுசன் இரண்டு வரி படித்தார், காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். "பேரவைத் தலைவர் அவர்களே, எங்க ஊர்ல மழை விட்டு நாலு நாள் ஆச்சு. தண்ணி இது வரைக்கும் நிக்குது" என்று வேட்டியைத் தூக்கி முழங்காலைத் தொட்டுக் காட்டினாராம். இரண்டு பக்கமும் சிரித்தார்களாம். மறுநாள் எங்கள் தெருவுக்கு மோட்டார் பம்பு வந்தது. எனக்கு ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை.

அவருக்கு ஒரு வார்த்தை வாயில் வராது. இல்லை என்பது. நடக்கவே நடக்காத காரியத்துக்கும் கடிதம் கொடுப்பார். வந்தவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார். நடந்த காரியங்களும் நிறைய. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர், பஸ் வராத தெருவுக்கு பஸ், ஊர் ஊராகத் தூக்கிப் போடப்பட்டவர்களுக்கு மாறுதல். ஒவ்வொன்று நடக்கும்போதும் நான் நகலை எடுத்துப் படித்துப் பார்ப்பேன். எந்த வாக்கியத்தில் அந்த அதிகாரி இளகியிருப்பார் என்று தேடுவேன்.

அப்படி ஒரு நாள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருடைய கார் டிரைவர் டீ டம்ளரோடு வந்து மேசை மேல் சாய்ந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வாய் நிற்காது.

"இன்னா கவிஞரே, மூஞ்சி பளபளன்னு கீது?"

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் வந்துடுச்சு. நம்ம லெட்டர்."

"உன் லெட்டரா? அத்த எவன் படிச்சான்?"

"படிக்காமலா ஆர்டர் போட்டான்?"

"நைனா, நீ எழுதறது மேல கீது. அவன் பாக்கறது கீழ. அண்ணன் கையெழுத்துக்கு அடில ஒரு கோடு இஸ்துட்டார்னா காரியம் நடக்கும். கோடு இல்லியா, அவன் பாட்டுக்கு ஃபைல்ல சொருகிடுவான். இது தெரியாமயா இத்தினி வருசமா குந்திகினு எழுதிகினு கீற?"

டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் நகல் கட்டுகளை இறக்கினேன். பத்துக் கடிதத்துக்கு ஒன்றில் கோடு இருந்தது. இடமிருந்து வலமாக, கடைசியில் சற்றே மேலே ஏறி நிற்கும் கோடு. கோடு இருந்தவை நடந்திருந்தன. கோடு இல்லாதவை நடக்கவில்லை. என்னுடைய மிகச் சிறந்த கடிதங்கள் என்று நான் நினைத்திருந்தவை பெரும்பாலும் கோடு இல்லாதவை. ஏழு வருடத்துத் தமிழ் மடியில் கிடந்தது. தூசியில் தும்மல் வந்தது.

நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொன்னதில்லை. தெரியாத மாதிரி இருப்பது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸ். தருமபுரிப் பக்கம் ஓர் ஊரில் போட்டிருந்தார்கள். அத்தான் கத்தாரில். குழந்தை நெமிலிச்சேரியில் எங்களிடம் வளர்ந்தது. ஒன்றே கால் வயதில் வந்தவள், அப்போது மூன்று முடிந்திருந்தது. எனக்கும் என் மனைவிக்கும் அதுவரை பிள்ளை இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும், ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய் ரயில் காட்டுவதும், ஜுரத்தில் விழித்திருப்பதும் என் மனைவிதான். அக்கா இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள், ஞாயிறு மதியம் போவாள்.

ஒரு சனிக்கிழமை அக்கா வாசலில் நின்று குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை எட்டிப் பார்த்தது. சமையலறைக்கு ஓடி என் மனைவியின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, யாரோ வந்துருக்காங்க" என்றது.

அக்கா சிரித்தாள். "யாரோவா நானு? இருடி உன்ன" என்றாள். பிறகு குழாயடிக்குப் போய் கால் கழுவினாள். நீண்ட நேரம் கழுவினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இடம் காலியானது. ஒரே இடம். அக்காவுக்காக நானே கடிதம் எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார், "நம்ம அக்காவுக்கா?" என்றார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார்.

கோடு போடவில்லை.

கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், "எந்தத் தெரு?" ஆரம்பித்துவிட்டது. சாப்பிடப் போகும்போது அவர் பேனாவை மேசையிலேயே விட்டுப் போனார். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கடிதத்தை நேரில் கொடுத்துவருகிறேன் என்று கிளம்பினேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில், அன்றைய பேப்பரின் ஓரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசி வளைவு மட்டும் சண்டித்தனம் செய்தது. பிறகு கடிதத்தை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் கையெழுத்துக்குக் கீழே இழுத்தேன். அவ்வளவு அழகாக ஒரு வரி நான் அதற்கு முன் எழுதியதில்லை.

அன்று சாயந்திரமே அக்காவுக்கு போன் செய்து, "கிடைச்ச மாதிரிதான்க்கா" என்றேன். உடனே அக்கா, "அவளுக்கு ரெண்டு கவுன் எடுத்து வெச்சிருக்கேன், அளவு தெரியல. இடுப்பு என்ன அளவு இருக்கும்டா?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் காலை. பட்டாபிராம் பக்கம் ஒரு காது குத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். டிரைவர், பக்கத்தில் அவர், பின்னால் நான். அவருக்கு போன் வந்தது. மாறுதல் போடும் அதிகாரி. அந்த ஆள் பேசியது பின் சீட்டு வரைக்கும் கேட்டது.

"ஐயா, ஒரே இடம். ரெண்டு லெட்டர் வந்திருக்கு. ரெண்டுலயும் கோடு. இத்தனை வருசத்துல நீங்க இப்படிப் பண்ணினதே இல்லையே, அதான் கேட்டுக்கலாம்னு."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார். அதில் என் முகம் முழுவதும் இருந்தது.

"ஆமாங்க. ரெண்டும் நான் போட்டதுதான்" என்றார். "நாளைக்குக் காலைல எதுன்னு சொல்றேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

காது குத்தில் குழந்தை அழுதது, அவர் மிட்டாய் கொடுத்தார், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் என் பக்கத்துக் குழாய்க்கு வந்தார்.

"கோடு நல்லா வந்துகீது போல. அவனே கண்டுபுடிக்கல. எத்தினி வாட்டி போட்டுப் பாத்த?"

"நிறைய வாட்டி அண்ணே."

"பேனாவ எங்க வெச்சுகீற?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையால் வாங்கி வேட்டியில் துடைத்துச் சட்டையில் சொருகிக்கொண்டார்.

"ஏண்ணே எங்க அக்காவுக்குப் போடல?" என்றேன்.

"உனக்கு மூணு நாள் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. அதுவும் நர்ஸு. அதுக்குப் போட்டுட்டேன். ஒரு இடத்துக்கு ஒரு கோடுதாம்பா. ரெண்டு இஸ்தா அப்பறம் என் கோட்ட எவன் மதிப்பான்?"

"அந்தத் தெருவுல எத்தனை ஓட்டு?" கேட்டுவிட்டேன். கேட்கும்போதே நாக்கு கசந்தது.

அவர் கோபப்படவில்லை. "நூத்தி நாப்பது. அதுவுந்தான். இல்லன்னு சொல்லுவேனா?" என்றார். (அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். அந்தத் தெருவும் அவரைக் கைவிட்டது.) "காலைல ஆறு மணிக்கு ஊட்டுக்கு வா. நீ எந்தப் பேர் சொல்றியோ அத்தச் சொல்றேன். உங்க அக்கா பேர்னா, அந்தப் பொண்ணு ஊட்டுக்கு நானே போய் சொல்லிக்கிறேன்."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு தொகுதிக்கே முடிவு சொல்கிறவர் இதை ஏன் என் தலையில் போடுகிறார்? திட்டியிருந்தால், வேலையை விட்டுப் போ என்றிருந்தால், அக்காவுக்குக் கிடைக்காததற்கு அவர் காரணம் என்று இருந்திருக்கும்.

நேராக அலுவலகத்துக்கு வந்து நகல் கட்டைப் பிரித்தேன். அந்தப் பெண் யார், என்ன சொல்லிக் கோடு வாங்கினாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அக்காவுடையதற்கு நூறு தாளுக்குக் கீழே இருந்தது. அதையும் எழுதியது நான்தான். எழுதிவிட்டு மறந்திருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது எழுதுகிறவனுக்கு யார் முகம் நிற்கும்?

படித்தேன். 'கணவரின் வலது கையை பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. சட்டைப் பொத்தான் போட்டுவிட அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் இப்போது வெகு தொலைவில், வேறு யாருடைய காயத்துக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.'

அந்தப் பெண் சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. அழவில்லை அவள். பொத்தானைப் பற்றிச் சொல்லும்போது தன் புடவை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் முறை படித்தேன். என் கடிதம் ஒன்றை முழுக்கப் படித்து அதனால் மனசு மாறிய ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

காலை ஆறு மணிக்கு நூம்பல் வீட்டில் அவர் பனியனோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் பெயரை. தலையாட்டினார். "டீ குடி" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு போனை எடுத்தார். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. குடிக்காமல் வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா இரண்டு கவுனோடு வந்தாள். குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள், ஒன்று சரியாக இருந்தது, ஒன்று பெரியது. "பரவால்ல, வளந்துடுவா" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, பேனா, டீக்கடை, கண்ணாடி, பொத்தான். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முடித்ததும் அக்கா கேட்டாள்.

"கோடு போட்டது யாரு?"

"நான்தான்."

"திருப்பி எடுத்தது?"

"நான்தான்க்கா."

"நடுவுல என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"அது இப்ப எதுக்கு உனக்கு? பெரிய மனுசன் மாதிரி குடுக்கறதும் நீ, வாங்கறதும் நீ. என் பொண்ணுக்கு அம்மா யாருன்னு நீயும் உங்க எம்.எல்.ஏ.வும் உக்காந்து முடிவு பண்ணிட்டீங்க." குழந்தையின் கவுன் முதுகில் இருந்த நாடாவை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். "நாளைக்கு இவளை என்கூட கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணி," என்றாள் என் மனைவி. "அங்க யாரு பாத்துப்பாங்க? உங்களுக்கு ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ்ல ஒரே ரூம்னு சொன்னீங்க."

"வாடகைக்கு வீடு பாத்துக்கறேன். ஆள் வெச்சுக்கறேன். நீ பாக்க ஆரம்பிக்கறப்ப உனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சா இருந்துச்சு? கத்துக்கலையா?"

அது கோபத்தில் சொன்னது போலத்தான் தொடங்கியது. முடியும்போது அக்கா என் மனைவியின் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் அழவில்லை. அழுதிருந்தால் நான் போய் டீ வாங்கி வந்திருப்பேன், எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

ஞாயிறு மதியம் பூந்தமல்லி பஸ் நிலையம். என் மனைவி வரவில்லை. பெரிய பை ஒன்றில் குழந்தையின் துணி, ரசம் சாதத்துக்குக் கிண்ணம், எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுதிய தாள். எல்லாம் அவள் அடுக்கியது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவருடைய கார் வந்து நின்றது. யார் சொன்னார்களோ. டிரைவராகத்தான் இருக்கும். அவர்தான் முதலில் குதித்தார்.

"யக்கா, பாப்பாவ ஜன்னலாண்ட குந்த வெக்காத, தலைய நீட்டும்."

பின்னால் எம்.எல்.ஏ. மெதுவாக இறங்கி வந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். அக்கா வேலை பார்த்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு. நான் எழுதாத கடிதம். தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தார், தங்கச்சிக்கு நல்லதாக ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுக்கவும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று. கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே கோடு.

"உங்க கோட்டுக்கு அங்கல்லாம் மரியாதை இருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"தெர்லம்மா. அவன் எதிர்க்கட்சி. அசெம்பிளில நான் எழுந்தா 'உக்காரு உக்காரு'ன்னு கத்துவான். கேன்டீன்ல ஒண்ணாதான் டீ குடிப்போம். போட்டுப் பாத்துகீறேன்."

அக்கா சிரிக்கக் கூடாது என்று இருந்தாள். கொஞ்சம் சிரித்துவிட்டாள். கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் கிளம்பும்போது குழந்தை எனக்குக் கை காட்டியது. ரயிலுக்குக் காட்டுவது போல, நின்று நிதானமாக.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த எம்.எல்.ஏ. ஆள் அனுப்பிக் காட்டினாராம். "அவன் இன்னும் உசுரோட இருக்கானான்னு கேட்டாரு, சிரிச்சுக்கிட்டே" என்றாள். கீழ் வீட்டு அம்மா பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாளாம். பிறகு, "இரு, இவ பேசணுமாம்" என்றாள். நான் போனை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் வாங்கினாள்.

குழந்தையின் குரல் எனக்கும் கேட்டது.

"அத்தை?"

என் மனைவியின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அத்தைதான்டா தங்கம் பேசறேன்" என்றாள்.